ஹாரோகேட் ‘1926’ நாடக இரவு: 95 பவுண்டு கட்டும் முன் படியுங்கள்

இங்கிலாந்தின் ஹாரோகேட்டில் பழைய நீர்சிகிச்சை ஹோட்டல் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு வெளி நிறுவனம் ‘இம்மர்சிவ்’ நாடகம், அதாவது பார்வையாளர்களும் காட்சிக்குள் நடமாடும் நாடகம், நடத்துகிறது. டிக்கெட் 95 பவுண்டு. துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி காணாமல்போன 1926 டிசம்பரை அறை அறையாக நடந்து பார்க்கலாம் என்பது விளம்பரம். கிடைத்ததோ மூன்று கோர்ஸ் டின்னரும், தட்டு மாற்றும் இடைவெளியில் மேஜைக்கு மேஜை வந்து வசனம் பேசிய நான்கு நடிகர்களும்தான்.

மாடிக்கு ஒரே ஒரு முறை கூட்டிப்போனார்கள். 120 பேர், ஒரு படிக்கட்டு, ஓர் அறை. முன்னால் நின்ற பதினைந்து பேர் காட்சியைப் பார்த்தார்கள், மற்றவர்கள் காரிடார் கம்பளத்தைப் பார்த்தார்கள். இந்த வகை நாடகத்தில் கூட்டத்தை இருபது இருபது பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழு வரும்போதும் அந்தந்த அறைக் காட்சியைத் திரும்ப நடிக்க வேண்டும். 120 பேருக்கு ஆறு குழு, ஆறு அறை, அறைக்கு ஒரு நடிகராவது, குழுக்களை நகர்த்தத் தனி ஆட்கள். நான்கு பேரை வைத்துக்கொண்டு கணக்கே உதைக்கிறது.

சரித்திரமும் சொதப்பல். கிறிஸ்டியின் கார் ஹோட்டல் வாசலில் கிடைத்ததாக ஒரு காட்சி. அது கிடந்தது எங்கோ தெற்கே, சர்ரேயில் நியூலேண்ட்ஸ் கார்னர் பக்கம். அவர் ‘கேப் டவுன் திருமதி டெரீசா நீல்’ என்ற பெயரில் தங்கி, டிசம்பர் 14 அன்று கண்டுபிடிக்கப்பட்டது ஸ்வான் ஹைட்ரோ என்ற நீர்சிகிச்சை ஹோட்டலில், இன்றைய ஓல்ட் ஸ்வானில். நாடகம் நடந்த கட்டடம் அதுவே அல்ல!

விக்டோரியா காலச் சிகிச்சைக் காட்சி இன்னும் மோசம். ஈரத்துணிச் சுற்று என்றால், லினன் விரிப்பைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, கழுத்திலிருந்து கால்வரை இறுக்கிச் சுற்றி, மேலே கம்பளிகளைப் போர்த்திப் படுக்கவைப்பார்கள். இங்கே உலர்ந்த டவலைத் தோளில் போட்டுக் கையில் ஷாம்பெய்ன் கொடுத்தார்கள். அந்தக் கால ஹைட்ரோக்கள் பலவற்றில் மதுவுக்கே இடமில்லை. ‘கந்தகத் தண்ணீர்’ என்று நீட்டியது வெறும் சோடா. அழுகிய முட்டை நாற்றமில்லாத ஹாரோகேட் கந்தகத் தண்ணீர் உண்டா?

இதுபோன்ற நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்குமுன் மின்னஞ்சலில் கேளுங்கள்: குழுவுக்கு எத்தனை பேர், எத்தனை அறை, எத்தனை நடிகர், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எல்லாக் காட்சிக்கும் லிஃப்டில் போகலாமா. பதிலுக்கு மெனு மட்டும் வந்தால் அது டின்னர் ஷோ.

பணத்தைத் திரும்பப் பெறுவதில் ஒரு பொறி இருக்கிறது. கிரெடிட் கார்டில் வாங்கினால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு வங்கியையும் பொறுப்பாக்கும், ஆனால் ஒரு பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டியிருக்க வேண்டும். இரண்டு டிக்கெட் சேர்ந்து 190 ஆனாலும், ஒன்று 95தான் என்பதால் பயனில்லை. மிஞ்சுவது சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திருப்பி எடுக்கும்படி கார்டு வங்கியிடம் கேட்பது. தேதி குறித்த பொழுதுபோக்குக்கு 14 நாள் ரத்து உரிமையும் கிடையாது.

கைகொடுப்பது 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. விற்றவர் சொன்னதை நம்பி வாங்கியிருந்தால் அந்தச் சொல்லும் ஒப்பந்தத்தில் சேர்த்தி. அதை வைத்து விலைக் குறைப்புக் கேட்கலாம். அதனால் வாங்கும் அன்றே விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். இந்த நாடகத்தின் பக்கத்தில் ‘அறை அறையாக’ என்ற சொல் அடுத்த வாரமே காணாமல் போய்விட்டது.