தோட்டத்து வானிலை நிலையம்: லைன் கரண்டா சோலாரா, சிம் கார்டா லோராவா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மழைமானியும், அதன் கணக்கைப் பதிந்து வைக்கும் டேட்டா லாகரும் வைக்கும்போது, எது மலிவு என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் கேட்பது வேறு: ஒரு நாள் நின்றுபோனால், எந்த ஏற்பாட்டில் கோளாறு சீக்கிரம் பிடிபடும்?

ஆபீஸ் லைனிலிருந்து கரண்ட் எடுத்தால் ஓர் அடாப்டரோடு வேலை முடிந்தது. ஆனால் மத்தியான இடிமழையில் பிரேக்கர் விழுந்து, அன்று சனிக்கிழமையாகவும் இருந்தால், திங்கட்கிழமை வரை கணக்கு இல்லை. நமக்குத் தேவையான கனமழையே பதிவில் இருக்காது. நடுவில் ஒரு பேட்டரி இல்லாமல் லைன் கரண்டை நம்பவே கூடாது.

சோலார் என்றால் பேட்டரிதான் உயிர். வழக்கமான 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, நிரம்பி ஓய்ந்திருக்கும்போது 12.7 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்தால் 12.1 பக்கம் வரும். படிப்படியாக இறங்குவதால் முன்கூட்டியே தெரிந்துவிடும். சூடுதான் அதற்கு எமன். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் கேட்கவே வேண்டாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அதைவிடப் பல வருடம் கூடுதலாக உழைக்கும். ஆனால் கிட்டத்தட்ட கடைசிவரை 13 வோல்ட் பக்கமே நின்றுவிட்டு, திடீரென்று பாதுகாப்பு சர்க்யூட் வெட்டிவிடும். நம் தோட்டங்களுக்கு, எச்சரித்துவிட்டுச் சாகும் லெட் ஆசிட்டையே நான் சொல்வேன்.

"தம்பி, சிக்னல் இல்லை போலிருக்கு" என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) அண்ணன் போன் செய்வார். உடனே, கணக்கை ஆபீசுக்கு அனுப்பும் மோடத்தைக் கழற்றாதீர்கள். லேப்டாப்பை லாகரில் நேராகச் செருகிப் பதிவைப் பாருங்கள். பதிவு முழுதாக இருந்து ஆபீசுக்கு மட்டும் வரவில்லை என்றால் தொடர்புக் கோளாறு. பதிவிலேயே ஓட்டை இருந்தால் மின்சாரம். ஓட்டை விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறியதும் முடிகிறதா? பேட்டரி இரவைத் தாங்கவில்லை, அல்லது செம்பனை மட்டை வளர்ந்து பேனலை மறைக்கிறது. தேதி பின்னால் ஓடியிருந்தால், கடிகாரத்தைக் காக்கும் சின்ன லித்தியம் பேட்டரி தீர்ந்திருக்கும்.

மின்சாரக் கோளாறும் தொடர்புக் கோளாறும் கலந்து வருவதும் உண்டு. மல்டிமீட்டரை லாகரின் முனையில் வைத்தபடி மோடம் அனுப்பும் நொடிக்குக் காத்திருங்கள். சும்மா இருக்கும்போது 12.4 காட்டியது அந்த நொடியில் 11-க்குக் கீழே சரிந்தால், சிக்னலைக் குறை சொல்லிப் பயனில்லை. பேட்டரி தளர்ந்திருக்கும், இல்லையென்றால் ஏதோ ஒரு திருகாணி பச்சை பூத்திருக்கும்.

சரி, தொடர்புக்கு எது? 4ஜி மோடம் எளிது. மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு மூடப்பட்டதால் பழைய மோடத்தை வாங்காதீர்கள். பிரிபெய்ட் சிம் காலாவதியாகாமல் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். லோரா என்பது சிம் இல்லாமலே தூரத்துக்கு அனுப்பும் ரேடியோ, அதற்கு மாதக் கட்டணம் இல்லை. ஆனால் இங்கே 919 முதல் 924 மெகாஹெர்ட்ஸுக்குள் வேலை செய்யும் கருவியாகக் கேட்டு வாங்க வேண்டும், ஆன்டெனா செம்பனைத் தலைக்கு மேலே நிற்க வேண்டும். ஆபீஸ் வரை ஆர்எஸ்-485 கேபிள் இழுப்பதும் முடியும், 1200 மீட்டர் வரை போகும். ஆனால் பக்கத்தில் மின்னல் விழுந்தால் அதே கேபிள் லாகரையும் ஆபீஸ் கம்ப்யூட்டரையும் சேர்த்துச் சுட்டுவிடும். வாரம் முழுக்க இடி இடிக்கும் நம் ஊரில் என் ஓட்டு, போன் சிக்னல் உள்ள இடத்தில் 4ஜிக்கு, இல்லாத பள்ளத்தில் லோராவுக்கு.