பாதையோர வடிகாலுக்கு 700 கிராம் தென்னை நார் வலை: எங்கே தாங்கும், எங்கே தாங்காது

தார் ரோட்டிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு இறங்கும் மண்பாதையில் முதலில் கெடுவது பாதையல்ல, ஓரத்து வடிகால். ஐப்பசியில் நாலு மழை ஓங்கி அடித்தால் அடிமண் அரிக்கும். அடி ஆழமானதும் கரை சரியும். சரிந்த மண் கீழே கேட்டுக்கு முன்னாலிருக்கும் குழாயை அடைக்கும். பிறகு தண்ணீர் பாதை மேலேயே ஏறி ஓடும். இதற்குத் தீர்வாகக் கடைகளில் இப்போது பரவலாகக் கிடைப்பது தென்னை நார்க் கயிற்றில் நெய்த வலை. பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிறு ஆலைகளிலும், கேரளத்தில் ஆலப்புழையிலும் நெய்கிறார்கள். மத்திய அரசின் கயிறு வாரியம் இதைப் 'பூவஸ்திரா' என்ற பெயரில் பரப்புகிறது.

வலை நல்ல பொருள்தான். ஆனால் புல் வேர்விடும்வரை மண்ணைப் பிடித்துவைப்பது மட்டுமே அதன் வேலை. ஈர மண்ணில் இரண்டு, மிஞ்சினால் மூன்று வருடத்தில் மக்கிவிடும். சணல் வலை ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே அரிது. தென்னை நாரில் எளிதில் மக்காத லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம் என்பதால்தான் இவ்வளவு நாள் நிற்கிறது. இந்த இடைவெளிக்குள் புல் பிடிக்கவில்லை என்றால் போட்ட பணம் மண்ணோடு போகும். புல் நடாமல் வலையை மட்டும் விரித்துவிட்டு, "ஒரு வருடம்தான் தாங்கியது" என்று குறை சொல்வதில் பயனில்லை.

இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 15869இல் சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்று மூன்று எடைகள் உண்டு. 400 கிராம் வலையின் கண்ணுக்குள் கட்டைவிரல் தாராளமாக நுழையும். மேட்டுச் சரிவுக்கு அது போதும், தண்ணீர் ஓடும் தடத்துக்குப் போதாது. 900 கிராமில் கண் மிக நெருக்கம், அருகம்புல் முளை வெளியே வரத் திணறும். வடிகாலுக்கு 700தான் சரி. வாங்கும்போது சுருளை எடை போட்டே ஆகவேண்டும். 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளமுள்ள 700 கிராம் சுருள் காய்ந்த நிலையில் 70 கிலோ இருக்க வேண்டும். 55, 60 என்று நின்றால் எண்ணிக்கையில் இழை குறைத்து நெய்தது என்று அர்த்தம். மழையில் நனைந்த சுருளை எடை போட்டுப் பயனில்லை.

இன்னொன்றையும் பார்த்து வாங்குங்கள். சில கம்பெனிகள் நாரைப் பஞ்சுபோலப் பரப்பி, மேலும் கீழும் பிளாஸ்டிக் வலை வைத்துத் தைத்த விரிப்பை 'காயர் மேட்' என்ற பெயரிலேயே விற்கின்றன. நார் மக்கிய பிறகும் அந்த பிளாஸ்டிக் இழை கிடக்கும், சாரைப்பாம்பும் ஓணானும் அதில் சிக்கிச் சாகும். கயிறாலேயே நெய்ததா என்று விரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

கிராமச் சாலைத் திட்டத்திலேயே இதைப் போடுகிறார்கள் என்பது விற்பனையாளர் வழக்கமாகச் சொல்லும் சிபாரிசு. உண்மைதான். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் 1674 கி.மீ. சாலைக்கு 2020இல் இதை ஒதுக்கினார்கள், அதில் 369 கி.மீ. தமிழ்நாட்டுக்கு. ஆனால் அங்கே வலை சாலைக்கு அடியில் மண்ணைக் கெட்டிப்படுத்தக் கிடக்கிறது. வெயிலும் ஓடும் தண்ணீரும் படுகிற வடிகால் வேலைக்கு அது சான்று ஆகாது.

எந்தச் சரிவுக்கு என்பதுதான் முக்கியமான கேள்வி. கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் லெவல் இருந்தால் பத்து நிமிடத்தில் அளந்துவிடலாம். 10 மீட்டர் தூரத்துக்கு 50 செ.மீ. இறங்கினால் 5 சதவீதம். 2 சதவீதத்துக்குக் கீழே வலையே வேண்டாம், அருகம்புல் கரணை மட்டும் போதும். 2 முதல் 5 வரை வலையும் புல்லும் தனியாகவே தாங்கும். 5 முதல் 8 வரை வலைமேல் குறுக்கே கல் தடுப்புகள் வேண்டும். அதற்கு மேல் இந்த வலை வேண்டாம்.

ஏன் 8 என்று கணக்குப் பார்த்தால் புரியும். மேல் தடுப்பின் அடியும் கீழ்த் தடுப்பின் தலையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் இடையில் தண்ணீர் வேகம் எடுக்காது. நடுவில் 25 செ.மீ. உயரமுள்ள தடுப்பை 5 சதவீதச் சரிவில் 5 மீட்டருக்கு ஒன்று வைக்கலாம். 8 சதவீதத்தில் 3 மீட்டருக்கு ஒன்று வேண்டும். அவ்வளவு கல்லை இறக்குவதற்கு முழு வடிகாலையும் கல்லாலேயே பரப்பிவிடலாம். 10 முதல் 15 செ.மீ. அளவுள்ள உடைகல்லை 23 செ.மீ. கனத்துக்குப் போட்டு, அடியில் 10 செ.மீ. ஜல்லியோ தடித்த வடிகட்டித் துணியோ கொடுக்க வேண்டும். அடியில் எதுவும் இல்லாமல் கல்லை மட்டும் கொட்டினால், கல் இடுக்கு வழியாக மண் கரைந்து கல் இறங்கிக்கொண்டே போகும்.

வலை போடும் முன் வடிகாலின் வடிவத்தைத் திருத்த வேண்டும். பெரும்பாலான வடிகால்கள் ஜேசிபி பக்கெட் இறங்கிய அகலத்துக்குச் செங்குத்துச் சுவரோடு இருக்கின்றன. செங்குத்துச் சுவரில் எந்த வலையும் நிற்காது. அடி அகலம் 40 செ.மீ., ஆழம் 40 செ.மீ., இரு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சாய்வு. அதாவது 40 செ.மீ. உயர்வதற்குள் 80 செ.மீ. விலக வேண்டும். அடியில் கூர்மையான 'வி' வேண்டாம், தண்ணீர் அந்தக் கோட்டிலேயே அறுத்துக்கொண்டு இறங்கும். வேர்க்கட்டை, கல், மண்ணாங்கட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திமிசால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். வலைக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தாலும் தண்ணீர் வலைக்கு அடியில் ஓடும். மேலே எல்லாம் ஒழுங்காகத் தெரியும், அடியில் பள்ளம் விழுந்துகொண்டிருக்கும். இந்த வலை தோற்கும் இடங்களில் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இந்த அளவில் குறுக்கு வெட்டுக்கு 2.2 மீட்டர் வலை வேண்டும். இரு ஓரமும் 15 செ.மீ. ஆழக் காலில், அதாவது ஒடுங்கிய பள்ளத்தில், மடித்துப் புதைக்கச் சேர்த்தால் 2.8 மீட்டர். 2 மீட்டர் சுருள் ஒன்றும் 1 மீட்டர் சுருள் ஒன்றும் எடுத்தால் இணைப்பு ஒரு பக்கச் சரிவின் நடுவில் விழும், 15 செ.மீ. மேலடுக்கும் கிடைக்கும். இணைப்பு எக்காரணம் கொண்டும் அடித்தடத்தில் வரக் கூடாது. சரிவில் மேலே இருக்கும் துண்டின் ஓரம் கீழ்த் துண்டின் மேல் படியவேண்டும், ஓடு வேய்வதுபோல. நீளவாட்டிலும் அப்படியே. கீழ் முனையில் தொடங்கி மேல்நோக்கி வந்தால் இது தானாகவே சரியாக அமையும்.

மேல் முனையில் 30 செ.மீ. ஆழக் கால் வெட்டி வலையை உள்ளே மடித்து, ஆணி அடித்து, மண் போட்டு இடிக்க வேண்டும். கீழ் முனையிலும் அப்படியே. நடுவில் 10 மீட்டருக்கு ஒரு முறை 15 செ.மீ. ஆழத்தில் குறுக்குக் கால் வெட்டி வலையை மடித்து இறக்க வேண்டும். கூலி ஆட்கள் தவிர்க்கப் பார்ப்பது இந்தக் குறுக்குக் காலைத்தான், விடக் கூடாது. ஒரு இடத்தில் அடியில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்த காலோடு அது நின்றுவிடும். இந்த மடிப்புகளெல்லாம் போக 50 மீட்டர் சுருள் 47 மீட்டருக்கு மேல் வராது.

'யு' ஆணியை 6 மி.மீ. கம்பியில் 20-5-20 செ.மீ. என்று வளைத்துக்கொள்ளலாம். சதுர மீட்டருக்கு 4 வீதம் 47 மீட்டர் வடிகாலுக்கு 530 வரை ஆகும், கம்பி 53 கிலோ. அடித்தடத்தில் அரை மீட்டருக்கு ஒன்று என்பதில் சமரசம் வேண்டாம். செம்மண்ணுக்கு ஆணியின் கால் 20 செ.மீ. போதும். மணற்பாங்கான மண்ணில் 30 செ.மீ. வேண்டும். கரிசலில் கோடையில் வெடிப்பு விட்டதும் ஆணி தளர்ந்துவிடும், அங்கே இந்த வலையைச் சிபாரிசு செய்ய முடியாது. செலவு குறைய மூங்கில் முளை அடிக்கலாம், தலைப்பக்கம் கொக்கிபோலக் கணு இருக்க வேண்டும்.

புல்லுக்கு ஆடி, ஆவணிதான் காலம். ஐப்பசி மழைக்கு முன் ஆறு வாரமாவது வேர் பிடிக்க நேரம் கொடுக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் போடுபவர்கள் வலையை மட்டும் நம்பி மழையைச் சந்திக்கிறார்கள். விதை என்றால் வலைக்கு அடியில் தூவவேண்டும். அருகம்புல் கரணை என்றால் வலை விரித்த பிறகு கண் வழியாக 15 செ.மீ. இடைவெளியில் ஊன்றலாம். மழை குறைந்த பகுதியில் கரைக்குக் கொழுக்கட்டைப்புல் நன்றாக வரும். தடுப்பு வைக்கும் இடத்தில் குறுக்கே ஒரு வரிசை வெட்டிவேரை 10 செ.மீ.க்கு ஒன்றாக நட்டால் இரண்டாம் வருடத்தில் அதுவே தடுப்பாகும். மக்கிப்போகும் வலைக்குப் பதிலாள் அதுதான். முதல் மூன்று மாதம் ஆடு மேயவிடக் கூடாது. பாதையோரம் களைக்கொல்லி அடிக்கும் பழக்கமிருந்தால் இந்த வேலையையே தொடங்க வேண்டாம்.

கல் தடுப்பை வலையின் மேல்தான் அடுக்க வேண்டும். நடு 25 செ.மீ., ஓரங்கள் கரை மட்டம்வரை. நடு தாழ்ந்திருக்காவிட்டால் தண்ணீர் கல்லைச் சுற்றிக் கரையை அறுக்கும். தடுப்புக்குக் கீழே ஒரு மீட்டர் தூரம் கல் பரப்புவது அவசியம். 20 மி.மீ. ஜல்லியில் தடுப்பு கட்டினால் முதல் வெள்ளத்திலேயே அது கீழ்க் குழாய்க்குள் போய்ச் சேரும்.

மாற்றுகளில் பச்சை நிழல்வலையைப் பலர் போடுகிறார்கள். வழவழப்பான அந்த வலை மண்ணில் ஒட்டாது, வெயிலில் பொடிந்து வயலெல்லாம் பிளாஸ்டிக் நார் பறக்கும். சிமெண்ட் பூசினால் தண்ணீர் வேகம் கூடி, பூச்சு முடியும் இடத்தில் ஆளுயரக் குழி விழும்.

கேட்டுக்கு அடியில் வரும் குழாய்க்கு 300 மி.மீ. விட்டத்துக்குக் குறைந்தது வேண்டாம், தென்னை மட்டை வந்து அடைக்கும் தோட்டமென்றால் 450 நல்லது. லாரி வருமென்றால் என்பி3 வகை சிமெண்ட் குழாய் வாங்குங்கள், என்பி2 லேசான பாரத்துக்கானது. குழாய் வாயிலிலும் வெளியேறும் இடத்திலும் வலை நிற்காது, இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் கல்லே பரப்ப வேண்டும். 30, 40 மீட்டருக்கு ஓரிடத்தில் தண்ணீரைச் சொந்த நிலத்துப் பண்ணைக்குட்டைக்கோ வரப்புக்குள்ளோ திருப்பிவிட முடிந்தால், கீழே வரும் நீரே குறையும். சில இடங்களில் அதற்குப் பிறகு 700க்குப் பதில் 400 கிராம் வலையே போதுமாகிவிடும்.