பெரம்பூர்ல லோ வோல்டேஜ் ஆம்ப்ளிஃபையர் கிளாஸ், ஆறு ஞாயிறு போய்ட்டு வந்து எழுதறேன்

பெரம்பூர் ஸ்டேஷன்ல இறங்கி அஞ்சு நிமிஷம் நடந்தா ஒரு ஸ்டேஷனரி கடைக்கு மேல மாடில நடக்குது, ஒரு வோல்டுக்கும் கம்மியான சப்ளைல ஓடற ஆம்ப்ளிஃபையர சிப்புக்கு டிசைன் பண்ற கிளாஸ், ஒரு அக்கா எடுக்கறாங்க, சிப் கம்பெனில அனலாக் டிசைன்ல பல வருஷம் இருந்தவங்க. நான் கொருக்குப்பேட்டைல ஏறி பேசின் பிரிட்ஜ்ல வண்டி மாறி போவேன். ஆறு ஞாயிறு, 4,500 ரூபா. ஈசிஇ முடிச்சிட்டு இதுக்காக ஐடி கம்பெனிங்க இருக்கற ஓஎம்ஆர் ரோடு வரைக்கும் போக முடியாம இருக்கறவங்களுக்காக தான் எழுதறேன்.

முதல் நாள் லேப்டாப்ப தொடவே விடல. "பேப்பர் எடுங்கப்பா"ன்னு சொல்லிட்டு போர்டுல நாம காலேஜ்ல பாத்த அதே டிஃபரென்ஷியல் பேர (ரெண்டு இன்புட்டோட வித்தியாசத்த பெருக்கற ஜோடி டிரான்சிஸ்டர்) வரைஞ்சாங்க. த்ரெஷோல்ட், அதாவது டிரான்சிஸ்டர் ஆன் ஆக கேட்டுல வேண்டிய வோல்டேஜ், 0.45னு வச்சுக்கோங்க, அதுக்கு மேல கூடுதலா குடுக்கற ஓவர்டிரைவ் 0.15, கீழ இருக்கற டெயில் டிரான்சிஸ்டர் சாச்சுரேஷன்ல (கரண்ட் ஏறக்குறைய ஒரே அளவா ஓடற நிலை) நிக்க இன்னொரு 0.15, கூட்டுனா 0.75 வருது. "சப்ளையே 0.6 தான், இப்ப இன்புட்ட எங்க வைப்பீங்க?"ன்னு கேட்டாங்க, ரூம்ல ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. நாலு வருஷம் சர்க்யூட் படிச்ச எங்களுக்கு இந்த கூட்டல யாரும் போட வச்சதே இல்ல. கட்டுன காசு எனக்கு அந்த ஒரு கேள்விலயே சரியா போச்சு.

அதுக்கப்புறம் வந்த எல்லா வாரமும் அந்த கேள்விக்கு பதில் தான். டிரான்சிஸ்டர வீக் இன்வர்ஷன்ல ஓட்டுனா கேட் வோல்டேஜ் த்ரெஷோல்டுக்கு கீழயே இருக்கும், டிரெய்னுக்கு சுமார் 0.1 வோல்ட் இருந்தா போதும், ஆனா அதே கரண்டுக்கு டிவைஸ் ரொம்ப அகலமா ஆகும், ஸ்பீடு விழும். இன்னொரு வழி, கேட்ட ஒரு நிலையான வோல்டேஜ்ல (பயாஸ்) கட்டிட்டு சிக்னல பாடில, அதாவது டிரான்சிஸ்டருக்கு அடியில இருக்கற சிலிக்கான்ல குடுக்கறது. ரெண்டு வகை டிரான்சிஸ்டர்ல பிமாஸ் என்வெல்ங்கற தனி பகுதிக்குள்ள உக்காந்திருக்கறதால அதோட பாடி தனியா கிடைக்கும், என்மாஸுக்கு அப்படி பிரிக்க டீப் என்வெல்னு இன்னொரு லேயர் வேணும். த்ரெஷோல்ட் தொல்லை போயிடும், ஆனா கேட்டுல கிடைக்கற ஜிஎம்ல (இன்புட் வோல்டேஜ் மாறினா கரண்ட் எவ்ளோ மாறுதுங்கற அளவு) மூணுல ஒரு பங்கோ அஞ்சுல ஒரு பங்கோ தான் மிஞ்சும், நாய்ஸும் கூடும். 2005லயே கொலம்பியா யுனிவர்சிட்டில 0.18 மைக்ரான் சிமாஸ் சிப் ப்ராசஸ்ல 0.5 வோல்ட்ல ஓடற ஆம்ப் பண்ணி காட்டிட்டாங்கன்னு அந்த பேப்பரயே பிரிண்ட் எடுத்து குடுத்தாங்க, அத இன்னும் பைலயே வச்சிருக்கேன்.

பிராக்டிகல் எல்லாம் ஸ்கைவாட்டர்ங்கற சிப் கம்பெனியோட 130 நானோமீட்டர் ப்ராசஸ்ல, 2020ல கூகுள் கூட சேந்து ஓப்பனா விட்டாங்களே அது தான். எக்ஸ்கீம்ல வரைஞ்சு என்ஜிஸ்பைஸ்ல ரன் பண்றது, லைசென்ஸ் செலவு எதுவும் கிடையாது.

நாலாவது வாரம் தான் உண்மையான பாடம். என் ஆம்ப் ரூம் டெம்பரேச்சர்ல அழகா ஓடுச்சு, ஸ்லோ கார்னர் (டிரான்சிஸ்டர் எல்லாம் மெதுவா வந்தா எப்படின்னு பாக்கற செட்டிங்) போட்டு மைனஸ் 40 டிகிரில வச்சதும் கெயின் மொத்தமா போச்சு. குளிர்ல த்ரெஷோல்ட் ஏறும், டிகிரிக்கு ஒன்னு ரெண்டு மில்லிவோல்ட், 1.8 வோல்ட்ல அது ஒரு பொருட்டே இல்ல, 0.6ல ஆள சாச்சிடும். பயாஸ் கரண்ட் அது கூடவே நகர்ற மாதிரி ஒரு ரெப்ளிக்கா (அதே சர்க்யூட்டோட நகல்) வச்சு சரி பண்ண எனக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு, அக்கா ராத்திரி பதினோரு மணிக்கும் வாட்ஸ்அப்ல பதில் போட்டாங்க.

குறை சொல்லணும்னா லேஅவுட்டுக்கு (சிப்ல எது எங்க உக்காரணும்னு வரையறது) ஒரே ஒரு ஞாயிறு குடுத்தது பத்தல. ஜோடி டிரான்சிஸ்டர் ரெண்டும் ஒரே மாதிரி வர ஒரே நடுப்புள்ளிய சுத்தி வைக்கற காமன் சென்ட்ராய்ட் பேர மேஜிக்ங்கற டூல்ல வரையறதுக்குள்ளயே மணி ஒன்னு ஆயிடுச்சு, ஓரத்துல சும்மா வைக்கற டம்மி டிரான்சிஸ்டர் எப்படி போடறதுன்னு சும்மா வாயால சொல்லிட்டு விட்டுட்டாங்க. மேட்சிங் தப்பா போனா இவ்ளோ கம்மி வோல்டேஜ்ல ஆஃப்செட்டே (ரெண்டு பக்கமும் ஒத்துப்போகாததால வர்ற பிழை வோல்டேஜ்) சிக்னல முழுங்கிடும், அதனால ரெண்டு வாரமாவது வேணும், நேர்லயே சொல்லிட்டேன். இன்ஸ்டால் பண்றதுலயே ரெண்டாவது வாரம் பாதி நாள் போச்சு, அதனால போறவங்க வீட்லயே லினக்ஸ் போட்டு டூல்ஸ் எல்லாம் ஏத்திட்டு போங்க.

இப்போ என் ஆம்ப் 0.6 வோல்ட்ல எல்லா கார்னர்லயும் ஓடுது, ஃபேஸ் மார்ஜின் (ஆம்ப் ஆடாம நிலையா நிக்க இருக்கற இடைவெளி) மட்டும் 52 டிகிரில நிக்குது, அத ஏத்த மில்லர் கெபாசிட்டர் கூட போட்ட ரெசிஸ்டர இன்னும் மாத்தி மாத்தி பாத்துட்டு இருக்கேன்.