ஆடாசிட்டியில் அதிர்வெண் பகுப்பாய்வு: நெடுநாள் பயன்பாட்டில் கண்டது

குரல் பதிவுகளைச் சீர்செய்யப் பல ஆண்டுகளாக ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். அதில் நான் அடிக்கடி திறப்பது அனலைஸ் மெனுவில் உள்ள பிளாட் ஸ்பெக்ட்ரம். தேர்ந்தெடுத்த பகுதியில் எந்த அதிர்வெண் எத்தனை டெசிபலில் இருக்கிறது என்று வரைந்து காட்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வரைபடத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது பெரும்பாலும் ‘சைஸ்’ என்ற அமைப்பில் இருக்கிறது: ஒரு தடவைக்கு எத்தனை ஒலி மாதிரிகளை எடுத்து அலசுவது என்பதுதான் அது. 44,100 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு அத்தனை மாதிரிகளாகப் பதிந்த ஒலியை 2048 என்று வைத்து அலசினால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே சுமார் 21.5 ஹெர்ட்ஸ் இடைவெளி. 50 ஹெர்ட்ஸ் மின் ரீங்காரம் அதில் மொத்தையான ஒரு மேடாகத்தான் தெரியும். 16384க்கு மாற்றுங்கள், இடைவெளி 2.7 ஹெர்ட்ஸாகிவிடும், 50, அதன் மடங்குகளான 100, 150 என்று ஊசி ஊசியாக எழும்பி நிற்கும். மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக வரும் நாடுகளில் 60, 120, 180. பேச்சில்லாத இடைவெளியைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது நல்லது. அந்தத் துண்டு 0.37 வினாடிக்குக் குறைந்தால் இந்த சைஸுக்குப் போதாது. அதிர்வெண் அச்சை, தாழ்ந்த அதிர்வெண்களுக்கு அதிக இடம் தரும் லாக் முறைக்கு மாற்றாவிட்டால் ஊசிகளெல்லாம் இடது ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும்.

அப்புறம் இந்த ஊசிகளை நீக்க நாட்ச் ஃபில்டர்; குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி அது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணே பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் வருவதால், 100, 150 இரண்டிலும் வெட்டின் அகலத்தைத் தீர்மானிக்கும் க்யூ மதிப்பைக் கூட்டி, மிகக் குறுகலாக வெட்டுகிறேன். காதுக்குக் கேட்காத ஊசியைத் தொடுவதே இல்லை.

பிளாட் ஸ்பெக்ட்ரம் தருவது சராசரி. நடுவில் ஒருமுறை நாற்காலி கிறீச்சிட்டால் அது சராசரியில் கரைந்துபோகும். அதற்கு, அதிர்வெண்கள் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைதான் சரி. அங்கே கணக்கு தலைகீழ்: ‘டிக்’ சத்தங்களைப் பிடிக்க 512 போன்ற சிறிய சைஸ் வேண்டும், பெரிதாக்கினால் பக்கவாட்டில் இழுபட்டு மங்கிவிடும். இன்னொரு பயனும் உண்டு. ‘அசல் வேவ் கோப்பு’, அதாவது சுருக்கப்படாத ஒலி, என்று அனுப்புவார்கள். 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் அறுத்தது போல வெறுமையாக இருந்தால், ஒருகாலத்தில் சுருக்கப்பட்ட எம்பி3யாக இருந்ததோ என்று சந்தேகப்படலாம்.

பிளாட் ஸ்பெக்ட்ரம் அசையாத படம்; பாட்டு ஓடும்போது கூடவே ஓடாது. 2022இல் வந்த 3.2 பதிப்பு முதல் ப்ளக்இன்கள் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) ஒலி ஓடும்போதே நேரடியாக ஓடுவதால், அதற்கு வாக்ஸெங்கோ நிறுவனத்தின் ஸ்பான் என்ற இலவச அதிர்வெண் பகுப்பாய்வு ப்ளக்இன்னை வைத்துக்கொண்டிருக்கிறேன்.