காட்பாடி பக்கம் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

போன அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாடி பழைய பேட்டரி கையை விரிச்சுடுச்சு. அம்மாவுக்கு மூச்சிரைப்பு. வேலூர் வெயில்ல ராத்திரி ஃபேன் நின்னா அவங்களால படுக்கவே முடியாது. அவசரத்துல ஒரு கடைக்கு போன் பண்ணேன். ஒரு மணி நேரத்துல ஆட்டோவுல 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியோட கொள்ளளவு) டியூப்ளர் பேட்டரியோட வந்துட்டாங்க. பழசை எடுத்துக்கிட்டு 14,500 கேட்டாங்க. பாதி ஜிபே, பாதி ரொக்கம். கையில கொடுத்தது எஸ்டிமேட் சீட்டு. "பில்லு நாளைக்கு அனுப்புறேன் சார், வாரண்டி கார்டுல சீல் போட்டாச்சு பாருங்க"ன்னார்.

ரெண்டு ஃபேன், ரெண்டு எல்இடி டியூப் சேர்த்தா 190 வாட் வரும். நல்ல 150 ஏஎச் பேட்டரி இதை அஞ்சு மணி நேரமாவது தாங்கணும். மூணாவது வாரம் ராத்திரி கரண்ட் போனப்போ நாப்பது நிமிஷத்துல பீப் அடிச்சு அணைஞ்சுடுச்சு. விடியிற வரைக்கும் அம்மாவுக்கு விசிறிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

காலையில டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஸ்டிக்கரோட ஒரு மூலை தூக்கிக்கிட்டிருந்துச்சு. நகத்தால உரிச்சா அடியில இன்னொரு ஸ்டிக்கர், பாதி சுரண்டின நிலையில. ஈய முனைங்க ரெண்டுலயும் உப்புத்தாள் தேய்ச்ச கோடு. மூடி ஓரத்துல பொறிச்சிருந்த நம்பரும் வாரண்டி கார்டு நம்பரும் வேற வேற. கம்பெனி கஸ்டமர் கேர்ல பொறிச்ச நம்பரைச் சொன்னேன். மூணு வருஷத்துக்கு முன்னாடியே வித்த பேட்டரியாம்.

இன்னொண்ணு, இதை விட ஆபத்தானது. பேட்டரியைப் பின் வராண்டாவுக்குத் தள்ளி வெச்சுட்டு, கேபிள் எட்டலைன்னு சாதா வீட்டு வயரை முறுக்கி டேப் சுத்தியிருந்தாங்க. லோடு கூடி 12 வோல்ட்ல 600 வாட் இழுத்தா 50 ஆம்பியர் ஓடும். அந்த வயர் அதைத் தாங்காது. டேப் இளகி, விரல்ல ஒட்டிக்கிச்சு. இது நெருப்புப் பிடிச்சிருந்தா?

கடையில போய்க் கேட்டா, "இன்னா சார், நீங்க தண்ணி ஊத்தாம விட்டுட்டு எங்களைச் சொல்றீங்க"ன்றாங்க. வந்து மூணே வாரம், தண்ணி அளவு காட்டுற மிதவை மேலயே நிக்குது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொன்னேன். அவங்க முதல்ல கேட்டது பில்லு. ஜிபே ரசீது, கார்டு, உரிச்ச ஸ்டிக்கரோட போட்டோ, அந்தச் சீட்டு எல்லாத்தையும் கொடுத்திருக்கேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கிட்டிருக்கேன்.

வேற கடையில புதுசு வாங்கினப்போ, பேட்டரியை வண்டியிலேர்ந்து இறக்குறதுக்கு முன்னாடியே பொறிச்ச நம்பரை ஜிஎஸ்டி பில்லுல எழுத வெச்சேன். அந்தக் கடைக்காரர் ஒரு வார்த்தை முகம் சுளிக்கல. அது வரைக்கும் முதல் கடையில வாங்கின பேட்டரியை நான் விட்டுக் கொடுக்கல.

சமீபத்துல இந்தப் பக்கம் பேட்டரி மாத்தினவங்க இன்னைக்கே அந்த நம்பரைப் பாருங்க. கார்டோட ஒத்துப் போகலைன்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்து மனு கொடுக்கலாம்.