மணி அடிக்கும், குரல் வராது: ஜிங்கிள் அழைப்புகளோடு ஐந்து ஆண்டுகள்

"ஜாபரில் வீடியோ அழைப்பெல்லாம் இப்போது ஒழுங்காக வருகிறதாமே, நானும் மாறிவிடட்டுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஜாபர் என்பது யாரும் சொந்த சர்வர் வைத்து நடத்தக்கூடிய செய்திப் பரிமாற்ற முறை; ஜிங்கிள் அதில் அழைப்புகளுக்கான நீட்டிப்பு. அவர் கேட்ட அன்றுதான், என் சர்வரில் இருக்கும் ரிலேயை, அதாவது நேரடி வழி கிடைக்காத அழைப்புகளின் குரலை இடையில் நின்று கடத்திவிடும் நிரலை, பழுது பார்த்து முடித்திருந்தேன். ஆகவே இதில் நியாயத்தைவிட எரிச்சல் சற்றுத் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் என்ற ஜாபர் செயலி 2020-இல் அழைப்பு வசதியைக் கொண்டுவந்த பிறகு வீட்டில் எல்லோரையும் அதற்கு மாற்றினேன். அன்று முதல் என்னை விடாமல் துரத்துவது ஒரே குறைதான். அக்காவை அழைப்பேன், அங்கே மணி அடிக்கும், அவள் எடுப்பாள், என் திரையில் 'இணைக்கிறது' என்ற சொல் மட்டும் அசையாமல் நிற்கும். அரை நிமிடம் கழித்து அழைப்பு தானாக அறுந்ததும், "எடுத்துட்டேன்டா, ஒன்னுமே கேக்கல" என்று எழுத்தில் செய்தி வரும், அதுவும் அதே செயலியில், நொடியும் தாமதிக்காமல்!

ஜிங்கிளின் அமைப்பே இதற்குக் காரணம். ஜாபர் என்று 1999-இல் தொடங்கிய எக்ஸ்எம்பிபி நெறிமுறையின் மேல், 2005-இல் வந்த கூகுள் டாக்கின் அழைப்பு முறையை ஒட்டி உருவான நீட்டிப்பு அது. 'உன்னோடு பேச வேண்டும்' என்ற அறிவிப்பு சர்வர் வழியே போகிறது. குரலோ இரண்டு கருவிகளுக்கும் இடையே தனக்கான வழியைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கருவியும் தன் உள்வலை முகவரி, ஸ்டன் சர்வர் (நாம் வெளி இணையத்தில் எந்த முகவரியில் தெரிகிறோம் என்று காட்டுவது) சொல்லும் வெளி முகவரி, டர்ன் என்ற முறையில் இயங்கும் ரிலேயின் முகவரி ஆகியவற்றைத் திரட்டி எதிர்முனைக்கு அனுப்ப, ஐஸ் என்ற முறை அவற்றை இணை இணையாகச் சோதித்துப் பார்க்கிறது. இருவரும் மொபைல் டேட்டாவில் இருந்து, மொபைல் நிறுவனத்தின் நாட் (பல கருவிகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் அமைப்பு) ஒவ்வொரு இலக்குக்கும் வெவ்வேறு போர்ட்டை, அதாவது வாயில் எண்ணை, கொடுத்தால், ஸ்டன் சொன்ன வெளி முகவரி பயன்படாது. ரிலே ஒன்றே கதி.

அந்த ரிலேதான் என்னிடம் பல மாதங்களாகச் செத்துக் கிடந்தது. ரிலேயின் பதிவேட்டில், அனுமதி இல்லை என்று சொல்லும் 401 பிழையைப் பார்க்காமல் இல்லை. ஆனால் டர்னில் முதல் கோரிக்கை கடவுச்சொல் இல்லாமல் போய் 401 வாங்கித் திரும்புவதும், பிறகு கடவுச்சொல்லோடு மறுபடி போவதும் வழக்கமான நடைமுறை என்பதால், அதை நான் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது கோரிக்கைக்கும் அதே 401 வந்துகொண்டிருந்ததைக் கவனிக்க எனக்கு ஒரு முழு இரவு தேவைப்பட்டது. அந்தக் கடவுச்சொல்லை உருவாக்க எக்ஸ்எம்பிபி சர்வரும் ரிலேயும் ஒரே ரகசியச் சொல்லை வைத்திருக்க வேண்டும்; சர்வரை மேம்படுத்தியபோது எக்ஸ்எம்பிபி பக்கத்தில் அது மாறியிருந்தது. ரிலேயின் அமைப்புக் கோப்பில் பழையதே இருந்தது. ஒரு வரியைத் திருத்தினேன், அவ்வளவுதான். தவறு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் இத்தனை நாளும் 'ரிலே கிடைக்கவில்லை' என்று ஒரு சொல்லாவது திரையில் காட்டியிருந்தால் நெறிமுறையின் கௌரவம் குறைந்தா போயிருக்கும்?

இணைந்துவிட்டால் குறை சொல்ல இடமில்லை. ஓபஸ் கோடெக்கில் (குரலைச் சுருக்கி அனுப்பும் முறை) வரும் குரலில் அக்கா மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். ஒரே வைஃபையில் இருக்கும் இருவர் பேசினால் குரல் வீட்டு ரூட்டரைத் தாண்டுவதே இல்லை. ஒருமுறை பேச்சின் நடுவே சர்வரோடு இருந்த தொடர்பு அறுந்தும் உரையாடல் நிற்கவில்லை என்பதை, முடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். கணினிக்கான ஜாபர் செயலியான டினோவிலும் 2022-இல் அழைப்பு வந்துவிட்டதால், மணி கைபேசியிலும் கணினியிலும் ஒன்றாக அடிக்கிறது. ஒன்றில் எடுத்தால் மற்றொன்று அடங்கிவிடுகிறது. நேரடி வழி என்பதால் எதிர்முனைக்கு உங்கள் ஐபி முகவரி தெரியும். அக்காவுக்குத் தெரிந்தால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இவ்வளவும் எழுதிவிட்டு நண்பருக்கு நான் அனுப்பிய பதில், "வேண்டாம்" என்பதே. நான் மாறப்போவதில்லை, ஆனால் இன்னொருவருடைய 'ஒன்னுமே கேக்கல' செய்திக்கும் பதில் சொல்லும் தெம்பு இப்போதைக்கு என்னிடம் இல்லை. மீறிச் சேர்வதாக இருந்தால், ரிலேயை ஒழுங்காகப் பராமரிக்கும் வேறொருவரின் சர்வரில் கணக்குத் தொடங்கி, முதல் அழைப்பை இரு முனையிலும் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் செய்து பார்க்கட்டும்.