பெருங்குடியில் ஒரு கோ-வொர்க்கிங் இடம்
2020 மார்ச்சில் ஊரடங்கோடு வீட்டுக்கு வந்த வேலை மெல்ல அலுவலகத்துக்கே திரும்புகிறது. அமேசான்கூட 2025 ஜனவரியிலிருந்து அலுவலக ஊழியர்களை வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. இன்னும் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி இருந்தும் வீடு ஒத்துவராத என்னைப் போன்றவர்களுக்கு, சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய, சந்தா கட்டிப் பலரும் பகிர்ந்து வேலை பார்க்கும் இந்த இடம் உண்மையிலேயே உதவுகிறது. மின்சாரம் போனாலும் வைஃபை அறுபடுவதில்லை. நாற்காலி இடுப்பை நன்றாகத் தாங்குகிறது. சாப்பாட்டு மேசையில் குனிந்தே வேலை பார்த்த கழுத்துக்குத்தான் அதன் அருமை தெரியும்.

குறை, தொலைபேசி அறைகள். கதவுக்குக் கீழே உள்ள இடைவெளி வழியாக, பக்கத்து அறையில் நடக்கும் சம்பளப் பேச்சுவரை அப்படியே காதில் விழுகிறது. வாடிக்கையாளர் விவரங்களைக் கையாள்பவர்களுக்கு இது சற்றும் ஏற்றதல்ல. ரப்பர் பட்டை ஒட்டினாலே பாதி சரியாகிவிடும், நிர்வாகம் அதையாவது செய்ய வேண்டும். மாதச் சந்தா கட்டுவதற்கு முன், வெளிநாட்டு அழைப்புகள் தொடங்கும் மாலை வேளையில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.